மறியல் உண்டா என்று கேட்கப் போன நாள்

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு தையல் கடையில் நான் சாரி ஜாக்கெட் தைக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்துவிட்டது. அதிகம் பேசுகிறவளும் இல்லை. அளவு கொடுக்க வரும் பெண்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வேன். மற்ற நேரத்தில் உதட்டுக்கு நடுவே குண்டூசியை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். ஊசி இருந்தால் பேசத் தேவையில்லை, யாரும் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள். கடைக்கு வருகிறவர்களில் சிங்களப் பெண்கள் அதிகம் என்பதால் கேட்டுக் கேட்டே எனக்குச் சிங்களம் நன்றாக வந்துவிட்டது. அந்தச் சிங்களம்தான் என்னை ஒருநாள் பொலிஸ் வரைக்கும் கொண்டுபோனது.

எங்கள் வீடு கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அடுத்த வீட்டு அக்கா தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அந்த மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். விட்டுப் போகும்போது பிள்ளைகள் அழும். அக்கா அவற்றைச் சமாதானம் செய்ய மாட்டார். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்மா கரைப்பார், தொட்டில் துணி மடிப்பார், வெளியே நிற்கும் தாயிடம் சத்தம் போட்டுப் பேசுவார். கொஞ்ச நேரத்தில் அழுவது பிள்ளைக்கே அலுத்துப்போய் அவருடைய காதுத் தோட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். லீவு நாட்களில் நான் வேலிப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பதற்கு எனக்குப் பிடிக்கும்.

அக்காவின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். முதலில் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார். பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும் அவருடைய படம் ஒன்று யாரோ ஒருவரின் போனிலிருந்து எல்லோருடைய போனுக்கும் வந்தது. ஆண்கள் பார்த்துவிட்டு, "கொழும்புக்கு போனவன் அப்படித்தான்" என்று சிரித்தார்கள். அதைப் பற்றி ஒரு கூட்டமும் கூடவில்லை.

சந்தியில் த்ரீவீலர் ஓட்டும் ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்து பல வருடமாகிறது. மடுவத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக் கொண்டுபோக அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போய் வந்ததில் அவருக்கும் அக்காவுக்கும் பழக்கம் வந்தது. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பெண்கள் அதையும் இதையும் பேசினார்கள். பேசியதில் பாதிதான் பொய். அக்கா என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

"அந்தாளு வந்தா வாசல்ல ஒக்காந்து ஒரு டீ குடிக்கிறாரு. நான் பேசுறத காது குடுத்து கேக்குறாரு. இத்தனை வருசத்துல யாரு கேட்டா?" என்றுவிட்டு, "அதுக்கு மேலயும் இருக்கு. ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"ஒம் மூஞ்சிய கண்ணாடியில பாரு, மொளகா பழம் மாதிரி செவந்திருக்கு" என்று அக்கா சிரித்தார்.

இந்த விசயம் எப்படியோ கொழும்புக்கும் போய்விட்டது. ஒருநாள் புருஷனிடமிருந்து அக்காவின் போனுக்கு ஒரு வொய்ஸ் வந்தது. பிள்ளைமடுவத்து வாசலில் நின்றுகொண்டே அதை எனக்குப் போட்டுக் காட்டினார். 'ஞாயித்துக்கெழம வாரேன். சாமான் சட்டிய கட்டிக்கிட்டு அம்மா வீட்டுல போயி இரு. இல்ல, பொலிசுல குடுத்து ஒன்னையும் அவனையும் மறியல்ல போடுவேன்' என்று அதில் இருந்தது. மறியல் என்றால் ஜெயில். அம்மா வீடு என்றால் ஹட்டன் பக்கத்தில் உள்ள புருஷனுடைய தாயார் வீடு. அங்கே போனால் அக்காவுக்கு மடுவம் இல்லை, வீடு இல்லை. மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

அக்கா பயந்துவிட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பார்.

பயப்படுவதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் இதை எல்லோரும் அரசாங்கக் குற்றம் என்றே நினைத்திருந்தார்கள். எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஒரு ஆணும் பெண்ணும் பிடிபட்டபோது தோட்டத்து மேனேஜரான தொரை இருவருக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிட்டார் என்பார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும். தொரை செய்தது தோட்டத்துச் சட்டம். அதைத்தான் நாங்கள் நாட்டுச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தோம். தொரை வீட்டைவிட்டு அனுப்பினால் பொலிஸ் மறியலுக்கு அனுப்பும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எங்களுக்குள் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கவர்மெண்டுல பதிஞ்ச கல்யாணம்டி. சும்மா தாலி கட்டுனது மாதிரியா? அத ஒடச்சா கவர்மெண்டே கேஸ் போடும்" என்றாள் பைப்படியில் ஒருத்தி. இப்படிச் சொன்னவள் மறுநாள் காலையில் தன் பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போனாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பைப்படியில் ஒரு வாய், மடுவத்து வாசலில் ஒரு வாய்.

எங்கள் தோட்டத்தில் எந்தச் சண்டையும் முதலில் தலைவரிடம் போகும். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுத் தணிவாகத்தான் சொன்னார்.

"சட்டத்துல எடம் இல்லம்மா. அவரு பொலிசுல குடுத்துட்டா நாங்க ஒன்னும் செய்ய ஏலாது. மறியல்ல ஒக்காந்திருக்கிறத விட மாமியா வீட்டுல ஒக்காந்திருக்கிறது மேலு."

"ரெண்டும் ஒன்னுதான் தலைவரே. மாமியாவ நீங்க பாத்ததில்ல" என்றார் அக்கா. தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்.

த்ரீவீலர்க்காரர் அதற்குள் கம்பளையில் உள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து போன் எடுத்து, ரெண்டு பேரும் எங்கேயாவது போய்விடுவோம் என்றாராம்.

"நான் போனா நாளைக்கி காலையில மடுவத்த யாரு தொறக்குறது? ஒங்க தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா ஹோல்ட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, நாளைக்கி ஒனக்கு லீவா?"

"இல்லக்கா."

"லீவு போடு. பொலிசுக்கு போறோம்."

"எதுக்கு?"

"என்னைய பிடிப்பாங்களான்னு கேக்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கேக்கப் போன எடத்துலயே பிடிச்சி வச்சிட்டாங்கன்னா?"

"வச்சா நீ திரும்பி வந்து மடுவத்து சாவிய தலைவருக்கிட்ட குடு. ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்படி சாவ ஏலாது என்னால. என்னான்னு தெரிஞ்சிக்கணும். எனக்கு சிங்களம் கொஞ்சம்தான் வெளங்கும், பேச வராது. நீதான் கேக்கணும்."

இரவு முழுவதும் போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் அக்கா நல்ல சாரி கட்டி, கையில் ஒரு பையோடு வந்தார். பையில் என்ன என்று பஸ்ஸில் கேட்டேன். திறந்து காட்டினார். மாற்றுச் சாரி ஒன்று, துவாய், சவர்க்காரம், தலைவலித் தைலம். மறியலுக்கு என்றே கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நம்பிக்கொண்டே ஒரு பெண் தன் காலால் நடந்து பொலிஸுக்குப் போகிறார். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பொலிஸில் உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு ஒருவர் வந்திருந்தார். வேலிப் பலாமரம் யாருடையது என்ற சண்டையோடு அண்ணன் தம்பி இருவர் வந்திருந்தார்கள். பெண்கள் பிரிவு என்று எழுதிய மேசையில் நடுத்தர வயதுப் பெண் பொலிஸ் ஒருவர் இருந்தார். எங்கள் முறை வந்ததும் கதிரையைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை.

அக்கா முழங்கையால் இடித்தார்.

"இந்த அக்காவுக்கு ஒரு விசயம் கேட்கணுமாம்" என்று சிங்களத்தில் தொடங்கினேன்.

"கேளுங்கள்."

"இவருக்குக் கல்யாணமாகிவிட்டது. இவருக்கு ஒரு... ஒரு யாளுவா இருக்கிறார்." யாளுவா என்றால் சிநேகிதர். அந்த ஒரு சொல் அக்காவுக்குத் தெரியும்.

"யாளுவா இல்ல தங்கச்சி. நல்லா சொல்லு. இவ்வளவு தூரம் வந்து யாளுவான்னா?"

அந்தச் சொல்லை நான் தமிழில்கூட ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அனியம் சம்பந்தய' என்று சிங்களத்தில் சொன்னேன். கள்ளத்தொடர்பு. நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பலாமரச் சண்டைக்காரர்கள் இருவரும் சண்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நிறுத்தினால் பேசவே முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் மற்றதையும் சொல்லி முடித்தேன். இதற்கு மறியல் உண்டா, உண்டு என்றால் எவ்வளவு காலம், இந்த அக்கா பையோடு வந்திருக்கிறார்.

அந்தப் பெண் பொலிஸ், நோனா என்றுதான் கூப்பிடுவோம், பேனையைக் கீழே வைத்தார். "யார் முறைப்பாடு கொடுத்தது?"

"யாரும் இல்லை. நாளைக்குப் புருஷன் கொடுப்பாராம்."

"பிறகு இன்றைக்கு எதற்கு வந்தீர்கள்?"

நான் அக்காவிடம் கேட்டேன். "வந்து இழுத்துக்கிட்டு போறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கிறேன்னு சொல்லு" என்றார்.

அதைச் சொன்னதும் அந்த நோனா அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. தன்னைப் பற்றித் தானே கேட்க வந்த ஆளை இந்த மேசையில் இதுவரை பார்த்ததில்லை என்றார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

பிறகு எந்தக் கல்யாணம் என்று விசாரித்தார். கண்டிச் சிங்களவர்களுக்கு ஒரு கல்யாணச் சட்டம் இருக்கிறது, முஸ்லிம்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்குப் பொதுச் சட்டம். நாங்கள் பொதுச் சட்டம் என்றேன். எந்தச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் இந்த விசயத்துக்குப் பொலிஸ் யாரையும் பிடிக்காது என்றார். கல்யாணமான ஒருவர் இன்னொருவரோடு இருப்பது இந்த நாட்டில் மறியலில் போடும் குற்றம் இல்லை. அது விவாகரத்துக் கேட்பதற்கு ஒரு காரணம். புருஷனுக்கு விருப்பமென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், அந்த ஆளிடம் நட்டஈடும் கேட்கலாம். அது சிவில் வழக்கு, சட்டத்தரணி பார்க்கிற வேலை. அடித்தால், மிரட்டினால் மட்டும் இங்கே வரச் சொன்னார்.

நான் ஒவ்வொரு வரியாக அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மறியல் இல்லை என்ற இடத்தில் அக்கா, "இன்னொரு தடவ கேளு" என்றார். கேட்டேன். இல்லை என்றார் நோனா.

"ஒரு கல்யாணம் உயிரோடு இருக்கும்போது உங்கள் சட்டத்தில் இன்னொன்றைப் பதிந்தால், அது வேறு. அதற்கு மறியல் உண்டு" என்று அந்த நோனா தானாகவே சொன்னார். பிறகு, "புருஷன் அப்படி ஏதாவது செய்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே அந்தப் படம் ஞாபகம் வந்தது. மாலை, பதிவுப் புத்தகம், கையெழுத்து. அது அக்காவின் போனிலேயே இருந்தது. கேள்வியை அக்காவுக்குச் சொன்னேன், சொல்லிக்கொண்டே அவருடைய போனைப் பார்த்தேன். அக்கா என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"தெரியாதுன்னு சொல்லு."

தெரியாது என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அக்கா மறியல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்க்கா சொல்லல்ல? அவருதானே மறியலுக்கு போகணும்?"

"அந்த பொண்ணுக்கு சின்ன புள்ளைக இருக்கு. படத்துலயே ஒன்னு மடியில இருந்திச்சி, நீ பாக்கலையா?" என்றார். நான் மாலையையும் கையெழுத்தையும்தான் பார்த்திருந்தேன். "மறியல் மறியல்னு இந்த கெழம பூரா எனக்கு சோறு எறங்கல. அத எடுத்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பவா?"

கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது" என்றார். இறங்கியதும் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கி, நடந்துகொண்டே தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தோட்டமே கூடியிருந்தது. புருஷன் புதுச் சப்பாத்தோடு தலைவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து நின்றதும், "சாமான கட்டிட்டியா?" என்றார்.

"எதுக்கு?"

"வொய்ஸ கேக்கலையா? பொலிசுக்கு போகணுமா இப்ப?"

"நேத்தே போயிட்டு வந்துட்டேன்."

தலைவர் முன்னுக்குச் சாய்ந்தார். "நீயேவா போன? யாரும் கூப்பிடாமலா?"

"ஆமா தலைவரே. மறியல் இல்லையாம். இவதான் சிங்களத்துல கேட்டா. இவகிட்டயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லையாம்" என்றேன்.

"சத்தமா சொல்லும்மா. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி சொன்னா யாருக்கு கேக்கும்?" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். பொலிஸ் பிடிக்காது. கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துகொள்ளலாம். அடித்தால்தான் பொலிஸ் வரும்.

"அப்ப எங்க காலத்துல தொரை பத்துச்சீட்டு குடுத்தது?" என்று ஒரு வயசானவர் கேட்டார்.

"அது தொரையோட சட்டம்" என்றார் அக்கா. "தொரை போயிட்டாரு."

புருஷன் எழுந்து நின்று, பொய், ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று கத்தினார். இப்போதே பொலிஸுக்குப் போவேன் என்றார். அக்கா அவருக்குக் கிட்டப் போனார். நான் பக்கத்தில் நின்றதால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"ரெண்டாவது பதிவுக்குத்தான் மறியல் இருக்காம். ஒங்களப் பத்தி கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். தலைவர் வீட்டுல சாப்பிட்டுட்டு பஸ்ஸ பிடிங்க."

அவர் முகத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் பொலிஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவரிடம் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அக்கா அந்தப் படத்தைப் பற்றி அன்றைக்கும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தலை குனிந்து போயிருப்பார். என்னை ஒருவர் அப்படி விட்டுவிட்டுப் போய் மிரட்டியிருந்தால் நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருப்பேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல மடுவம் திறந்தது. முதலில் பிள்ளையைக் கொண்டுவந்தவள் தலைவரின் மருமகள். த்ரீவீலர்க்காரர் அந்த வாரமே கம்பளையிலிருந்து திரும்பினார். "வாங்க வீரரே" என்றுதான் அக்கா வரவேற்றாராம். சந்தியில் மற்ற டிரைவர்கள் இன்னும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கண்டியில் உள்ள ஒரு பெண் சட்டத்தரணி மூலம் விவாகரத்து நடந்தது, நாளாகித்தான் கிடைத்தது. பிறகு இருவரும் பதிந்துகொண்டார்கள். மாலை வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். படமும் எடுக்கவில்லை.

போன மாதம் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு மடுவத்துக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவளுடைய புருஷன் பெற்ற பிள்ளையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டானாம். அக்கா பொலிஸுக்குப் போனவர் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

"அவன மறியல்ல போடணும்க்கா. யாருகிட்ட குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா அவளை உட்காரவைத்தார். "அதுக்கு மறியல் இல்லம்மா" என்றார்.

"ஒங்களுக்கு இல்லாம இருக்கலாம். அவனுக்குமா இல்ல?"

"அவனுக்கும் இல்ல."

"அப்ப ஒங்களுக்கு மட்டும் நல்ல சட்டம்" என்றாள் அவள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "ஆமா, எனக்கு அன்னைக்கி நல்லதா போச்சி. ஒனக்கு இன்னைக்கி வயிறு எரியிது. சட்டம் அதேதான்" என்றார். "ஆனா புள்ளைக்கி அவன் செலவுக்கு குடுத்தே ஆகணும். அதுக்கு கேஸ் போட ஏலும், என்னோட வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. அத விடக்கூடாது. கண்டிக்கி போயி கேப்போம். இவ வருவா. சிங்களத்துல நல்லா கேப்பா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் அன்றைக்குக் கல்யாண ஜாக்கெட் வேலை குவிந்து கிடந்தது. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"எப்ப போறோம்?" என்று கேட்டுவிட்டேன்.

குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பால்மா டின்னைத் தேடிக்கொண்டே, "திங்கக்கெழம" என்றார்.